அரைகுறையாக எழுதப்பட்ட பழுது

நேயர்களுக்கு வணக்கம். 2024 அக்டோபர் 11 அன்று, ஹைட்ராலிக் பழுதினால் ஷார்ஜா விமானம் திருச்சி வானில் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வட்டமடித்துப் பத்திரமாக இறங்கியது நம் பகுதியில் பலருக்கும் நினைவிருக்கும். அந்தப் பழுது புறப்பட்ட பிறகே தெரியவந்தது; ஆனால் பழுது தெரிந்தே, சட்டப்படியே பறக்கும் விமானங்களும் உண்டு. பறக்கும்போது எந்தெந்தக் கருவிகள் இயங்காமல் இருக்கலாம், எந்த நிபந்தனையோடு, எத்தனை நாளுக்குள் சீர்செய்ய வேண்டும் என்பதையெல்லாம் எம்.இ.எல். என்னும் பட்டியல் வகுத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் பி பிரிவில் வரும் பழுதைச் சீர்செய்ய 3 நாள், சி பிரிவில் வருவதற்கு 10 நாள் தவணை.

விமானப் பராமரிப்பில் இருந்தவன் என்ற முறையில், எனக்குப் பழுதைவிட அச்சம் தருவது அரைகுறையாக எழுதப்பட்ட பழுதுப் பதிவேடு. 2018 அக்டோபர் 28 இரவு, பாலித் தீவிலிருந்து ஜகார்த்தா சென்ற லயன் ஏர் விமானத்தில் விமானியின் கைப்பிடி விடாமல் அதிர்ந்து எச்சரித்தது. மூக்கு தானாகவே தாழ்ந்தது. விமானிகள் மூக்கைத் தாழ்த்திய தானியங்கி அமைப்பை நிறுத்திவிட்டுச் சமாளித்து இறங்கினார்கள். பதிவேட்டிலோ வேகமும் உயரமும் முரண்படுகின்றன என்பது போன்ற குறிப்புகளே இருந்தன. அதிர்வைப் பற்றியும் இல்லை, அமைப்பை நிறுத்தியதைப் பற்றியும் இல்லை. பராமரிப்புப் பணியாளர்கள், விமானிகள் எழுதியிருந்ததைச் சரிபார்த்தார்கள். மறுநாள் காலை அதே விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தனர். வடிவமைப்புக் குறையும் தவறாக அளவமைக்கப்பட்ட உணரியும் (சென்சார்) அதற்குக் காரணங்கள்தாம். பழியை ஒரு பேனாவின் மேல் போட்டுவிட முடியாது.

அந்தக் காலத்தில் பர்மா வட்டிக்கடையில் மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்பிய மேலாள், வராக்கடன் ஒன்றைப் பேரேட்டில் எழுதாமல் வந்திருந்தால், அடுத்து பொறுப்பேற்றவருக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? நம் செட்டிநாட்டுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எழுதினால் தண்டனை என்ற பயம் இருக்கும் இடத்தில் எவரும் முழுவதும் எழுதமாட்டார். அதனால்தான் அமெரிக்காவில் 1976இல் தொடங்கிய பாதுகாப்பு அறிக்கை முறையை, உரிமம் பறிக்கும் அதிகாரமுள்ள துறையிடம் விடாமல் நாசாவிடம் ஒப்படைத்தார்கள். எழுதியவரின் பெயரை நீக்கிய பிறகே அறிக்கை ஆய்வுக்குப் போகிறது. நம் நாட்டிலும் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டி.ஜி.சி.ஏ. தன்விருப்ப அறிக்கைகளைப் பெறுகிறது. ஆனாலும், இரவுப் பணியில் இருக்கும் இளைய பொறியாளரிடம் மேலதிகாரி காட்டும் முகம்தான் எந்த விதியையும்விட வலியது என்பது என் எண்ணம்.

சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் அடிக்கடி செல்லும் நேயர்கள், இறக்கையில் கசிவோ எரியும் வாடையோ தெரிந்தால், எங்கே, எப்போது, எப்படி என்று விமானப் பணிப்பெண்ணிடம் உடனே சொல்லுங்கள்.