மறுபடியும் குடித்துவிட்டு வந்தால்: அன்று இரவும் மறுநாள் காலையும்

வணக்கம். சேலத்தில் போதை மறுவாழ்வு ஆலோசகராகப் பணிபுரியும் நான், இன்று ஏற்காடு ஒண்டிக்கடைப் பகுதியிலிருந்து உங்களுடன் பேசுகிறேன். காப்பித் தோட்டங்களில் வேலை செய்யும் பெண்கள் சிலரைப் பார்ப்பதற்காக மலையேறி வந்திருந்தேன். அவர்கள் என்னிடம் கேட்டதும், கீழே செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக் குடும்பங்களும் அம்மாபேட்டையில் தறிக்காரக் குடும்பங்களும் கேட்பதும் ஒரே கேள்விதான்: "ஆறு மாதம் தொடாமல் இருந்தார் அக்கா. போன வாரம் மறுபடியும் குடித்துவிட்டு வந்து நின்றார். கடன் வாங்கி வைத்தியம் பார்த்ததெல்லாம் வீண்தானே?"

வீண் இல்லை என்பதை முதலிலேயே உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். 2000ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஒரு கட்டுரை, மது மற்றும் போதைப் பழக்கத்திற்குச் சிகிச்சை பெற்றவர்களில் 40 முதல் 60 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் பழைய பழக்கத்திற்குத் திரும்புகிறார்கள் என்று கூறியது. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், ஆஸ்துமா போன்ற நாட்பட்ட நோய்களோடு ஒப்பிட்டு, குடிநோயையும் அதே வரிசையில் வைத்துத் தொடர் சிகிச்சை அளிக்க வேண்டும் என்பதே அந்தக் கட்டுரையின் வாதம். சர்க்கரை கூடிவிட்டது என்பதற்காக யாரும் தகப்பனாரை வீட்டை விட்டுத் துரத்துவதில்லை. மாத்திரையின் அளவை மாற்றுவதற்காக மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறோம். குடிநோயாளிக்கு மட்டும் அந்த நியாயம் கிடைப்பதில்லை என்பதுதான் என் மனக்குறை.

ஒரு முறை சறுக்குவது வேறு, பழைய நிலைக்கே முழுமையாகத் திரும்புவது வேறு. இரண்டுக்கும் நடுவில் சில மணி நேரம் இருக்கிறது; சில சமயம் சில நாட்கள் இருக்கின்றன. ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்த இடைவெளியைத்தான் ஆராய்ந்தார். "ஒரு கிளாஸ் உள்ளே போய்விட்டது, சத்தியம் உடைந்துவிட்டது, இனி எவ்வளவு குடித்தால் என்ன" என்று அந்த மனிதரின் மனத்தில் எழும் குற்ற உணர்வே அவரை இரண்டாவது கிளாஸுக்கும், மறுநாள் காலையில் திறப்பதற்கு முன்பே கடை வாசலுக்கும் தள்ளுகிறது. அந்த நேரத்தில் வீட்டிலிருப்பவர்களும் "நீ திருந்தவே மாட்டாய்" என்று சொல்லிவிட்டால், அவர் ஏற்கெனவே தனக்குள் சொல்லிக்கொண்டிருப்பதை நாமும் உறுதிசெய்து கொடுத்ததாகிவிடும். உங்கள் கோபம் நியாயமற்றது என்று நான் சொல்லவில்லை. அதைக் காட்டுவதற்கு அந்த இரவு உகந்ததல்ல என்றுதான் சொல்கிறேன்.

அந்த இரவில் செய்ய வேண்டியது மிகவும் குறைவு. வாக்குவாதம் வேண்டாம். படுத்துவிட்டால் மல்லாந்து கிடக்க விடாமல் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், ஏனென்றால் வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போய் உயிரிழப்பவர்கள் இருக்கிறார்கள். மோர், எலுமிச்சைச் சாறு, தலையில் ஒரு குடம் தண்ணீர் ஆகிய எதுவும் ரத்தத்தில் உள்ள மதுவைக் குறைக்காது. அரை மயக்கத்தில் இருப்பவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உலுக்கியும் எழவில்லை, மூச்சு மெதுவாகி இடைவெளி விட்டு வருகிறது, உடம்பு சில்லிட்டுவிட்டது, உதடு நீலம் பூக்கிறது, வலிப்பு வருகிறது என்றால் 108ஐ அழைத்துவிடுங்கள்.

மறுநாள் அவர் தெளிந்த பிறகு மூன்றே கேள்விகளைக் கேளுங்கள்: எந்த இடத்தில், யாருடன், அதற்கு ஒரு மணி நேரம் முன்பு என்ன நடந்தது? கொலுசுப் பட்டறைத் தொழிலாளி ஒருவரிடம் இதைக் கேட்டபோது, சனிக்கிழமையின் முழு வரைபடமும் எங்களுக்குக் கிடைத்தது. அவசர ஆர்டர் என்பதால் அவர் மதியம் சாப்பிடவில்லை. பற்றவைப்பு வேலையின் சூட்டில் தலைவலி. கூலியைக் கையில் வாங்கிக்கொண்டு பேருந்து ஏறப் போகும் வழியில் கடை இருந்தது. உடன் வந்தவர் "ஒரு கட்டிங் மட்டும்" என்றார். பசி, களைப்பு, கையில் பணம், கூட்டாளி ஆகிய நான்கும் ஒரே தெருவில் சேர்ந்துவிட்டன. அடுத்த வாரத்திலிருந்து, அவருடைய சம்மதத்துடனேயே, கூலி மனைவியின் வங்கிக் கணக்கிற்குச் சென்றது. நான்கு மணிக்கு வயிறார ஏதேனும் சாப்பிடுவது கட்டாயமாயிற்று. ஆறு மணிக்கு மைத்துனர் வண்டியோடு பட்டறை வாசலில் நின்றார். சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. நினைப்பு வந்தவுடன் அழைக்க வேண்டிய இரண்டு பேரின் எண்கள் மட்டுமே அதில் எழுதப்பட்டிருந்தன. மது நினைப்பு அலைபோல் எழுந்து, பெரும்பாலும் அரை மணி நேரத்திற்குள் தணிந்துவிடும். அந்த அரை மணி நேரத்தைத் தனியாகக் கழிக்காமல் இருப்பதற்குத்தான் அந்தச் சீட்டு.

நம் ஊரில் நாள் குறித்து வரும் சறுக்கல் ஒன்று உண்டு. கார்த்திகையில் மாலை போட்டு ஒரு மண்டலம் சுத்தமாக விரதம் இருக்கும் பலர், மாலையைக் கழற்றிய அன்றிரவே குடிக்கிறார்கள். அத்தனை நாட்கள் இருக்க முடிந்தது என்பதே அவரால் முடியும் என்பதற்குச் சான்று. ஆகவே மாலை கழற்றும் நாளுக்கு முன்பே அவருடன் உட்கார்ந்து, அன்று மாலை எங்கே இருப்பது, மறுநாள் எந்த மருத்துவரைப் பார்ப்பது என்று பேசி வைத்துவிடுங்கள்.

மாலை போடுபவர்களுக்கும் கோயிலில் கயிறு கட்டிக்கொள்பவர்களுக்கும் சொல்ல வேண்டிய எச்சரிக்கை இன்னொன்று இருக்கிறது. தினமும் நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்தானது. கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே கைநடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை, இல்லாதவை கண்ணுக்குத் தெரிந்து, ஆள் இடம் அறியாத குழப்பம் ஏற்படலாம். இதைப் பேய் பிடித்ததாக நினைத்து அறையில் பூட்டி வைக்கும் குடும்பங்கள் உண்டு; அந்த அறையிலேயே உயிர் போகவும் கூடும். மருத்துவமனையில் இதைத் தடுக்க மருந்து இருக்கிறது. கூடவே தயமின் என்னும் பி1 வைட்டமினும் கொடுப்பார்கள், அது குறைந்தால் ஞாபக சக்தியே நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம்.

சுவர்களிலும் பேருந்துகளிலும் "அவருக்குத் தெரியாமலேயே உணவில் கலந்து கொடுக்கலாம்" என்ற விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தப் பொடியில் என்ன கலந்திருக்கிறது என்பது வாங்கும் உங்களுக்குத் தெரியாது. டைசல்ஃபிரம் என்ற மாத்திரை 1940களின் இறுதியில் டென்மார்க்கில் குடிநோய்க்கான மருந்தாக அறிமுகமாயிற்று. மது உடலில் சிதையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு மேலும் சிதையாமல் அது தடுத்துவிடும். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இதயம் படபடத்து, ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரங்கள் வரைகூட இந்த ஆபத்து நீடிக்கும். நோயாளி முழுதும் அறிந்து சம்மதித்து, மருத்துவர் பரிசோதித்த பிறகு மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து அது. சாம்பாரில் கலந்து கொடுத்தது பின்னால் தெரியவந்தால், மனைவி கையால் சாப்பிடுவதற்கே அவர் அஞ்சுவார். அந்த நம்பிக்கை போன பிறகு எந்தச் சிகிச்சையும் எடுபடாது. ஏக்கத்தைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரொசேட் போன்ற வேறு மருந்துகளும் இருக்கின்றன. எது பொருந்தும் என்பதை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள்.

இப்போதைக்கு நிறுத்த மாட்டேன் என்பவரை என்ன செய்வது? அவருடைய உயிரையும் காப்பாற்றத்தான் வேண்டும். வெறும் வயிற்றில் குடிக்காதே, இடையிடையே தண்ணீர் குடி, தூக்க மாத்திரையோடு சேர்க்காதே, இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள இந்த மலைப் பாதையில் குடித்துவிட்டு வண்டியைத் தொடாதே, கள்ளச்சாராயத்தின் பக்கமே போகாதே என்று அவரிடம் சொல்ல வேண்டும். 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பலரை நம் சேலம் அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பை அழிக்கிறது. பார்வை மங்குகிறது என்று ஒருவர் சொன்னால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. இப்படிப் பேசுவது குடிக்கச் சொல்லிக்கொடுப்பதாகும் என்று சிலர் என்னைக் கடிந்துகொள்கிறார்கள். உயிரோடு இருப்பவர் மட்டுமே நாளை திருந்த முடியும் என்பதால் நான் தொடர்ந்து பேசுவேன்.

இளைஞர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வலி மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்பவர்கள், சில வாரங்கள் நிறுத்திவிட்டுப் பழைய அளவையே மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம், ஏனென்றால் உடல் தாங்கும் சக்தி அதற்குள் இறங்கியிருக்கும். மறுவாழ்வு மையத்திலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வரும் முதல் நாட்கள்தான் மிகவும் ஆபத்தானவை என்பதை அந்தப் பையனுக்கும் அவனுடைய நண்பர்களுக்கும் சொல்லி அனுப்புங்கள். ஊசியைப் பகிர்ந்தால் ஹெபடைடிஸ் சி, எச்.ஐ.வி. பரவும். வழக்குக்குப் பயந்து சிகிச்சைக்கு வராதவர்கள் கவனியுங்கள்: 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட அடிமைநோயாளி, தானே முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முழுமையாகப் பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு அளிக்கிறது.

1937 அக்டோபர் 1ஆம் தேதி, ராஜாஜி பிரதமராக (இன்றைய முதலமைச்சர் பதவி) இருந்த சென்னை மாகாணத்தில், மதுவிலக்கு முதன்முதலாக நம் சேலம் மாவட்டத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. கடை வேண்டுமா வேண்டாமா என்ற விவாதத்தை அன்றிலிருந்து இன்றுவரை நடத்திக்கொண்டிருக்கிறோம், நடக்கட்டும். ஆனால் 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றிருக்கிறார். மீதி 37 பேரின் வீடுகளில் இன்று இரவு என்ன நடக்கிறது என்பதே என் கவலை.

14446 என்பது போதை மீட்புக்கான தேசிய இலவச எண். மனநல உதவிக்கு 14416. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லும்போது ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதிக்கொண்டு போங்கள்: கடைசியாகக் குடித்த நேரம், ஒரு நாளைக்கு எத்தனை குவார்ட்டர், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, இப்போது சாப்பிடும் மற்ற மாத்திரைகள். புறநோயாளிப் பிரிவு காலையில்தான் நடக்கும் என்பதால் சீக்கிரமே கிளம்பிவிடுங்கள்.