வாசல் தொட்டியில் குங்குமப்பூச் சாயம்! காரிடாருக்கு ஏற்ற பவளமல்லி

விடியற்காலை ஐந்தரை மணி. கதவைத் திறந்தால் சிமெண்டுத் தரையில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கள் கவிழ்ந்து கிடக்கின்றன, ஒவ்வொன்றின் காம்பும் ஆரஞ்சு நிறத்தில் மேலே நிமிர்ந்து நிற்கிறது. கொஞ்சம் கிட்டே வந்து பாருங்கள், பவளம் என்ற பெயரே இந்தக் காம்பால் வந்ததுதான்.

வணக்கம். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு ஒரு மரம் வளர்க்க ஆசைப்படுகிறீர்களா? அப்படியென்றால் இந்த வீடியோ உங்களுக்குத்தான்.

பெயர்க் கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 1753ல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு ‘ஆர்பர் டிரிஸ்டிஸ்’ என்று வைத்தார், லத்தீனில் ‘சோக மரம்’. மல்லிகையும் ஆலிவும் இதன் சொந்தக்காரர்கள். சரி, விஷயத்துக்கு வருவோம்.

லிட்டில் இந்தியா பக்கம் தேக்கா கடைகளில் குங்குமப்பூவைக் கிராம் கணக்கில் குட்டி டப்பாவில் விற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பூவுக்கு மூன்றே மூன்று இழை, அதையும் கையால் பறிக்கவேண்டும், அதனால்தான் அந்த விலை. அந்த இழைக்கு நிறம் தருவது குரோசெட்டின் என்ற பொருள். அதே குரோசெட்டின் பவளமல்லிக் காம்பிலும் இருக்கிறது! முதன்முதலில் இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. பத்து நாள் காம்புகளை நிழலில் உலர்த்திச் சேர்த்து, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மாலை வெயில் நிறத்துக்கு வந்தது. அதில் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை நனைத்தேன், இதோ பாருங்கள். வெயிலில் வைத்தால் வெளுத்துவிடும், அலமாரிக்குள் வையுங்கள். குங்குமப்பூவின் வாசமும் ருசியும் இதில் கிடையாது, பாலில் போட்டுவிடாதீர்கள். பட்டுக்குச் சாயமேற்ற நம் முன்னோர் இதையும் பயன்படுத்தினார்கள்.

வளர்ப்பது பெரிய வித்தை இல்லை. தரையில் விட்டால் வீட்டுக் கூரையைத் தாண்டும், தொட்டியில் வைத்து நறுக்கிக்கொண்டே வந்தால் உங்கள் தோளுயரத்தில் நிற்கும். நாற்பது சென்டிமீட்டர் அகலத் தொட்டி, தண்ணீர் தேங்காத மண், எதிர் புளோக் மறைக்காத நாலைந்து மணி நேர வெயில். பூத்து முடிந்ததும் கிளையை வெட்டுங்கள், அடுத்த பூ புதுத் தளிரில்தான் வரும்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். காரிடாரில் 1.2 மீட்டர் வழி விட்டே ஆகவேண்டும், தீ என்றால் எல்லாரும் ஓடவேண்டிய பாதை அது. அப்புறம் தொட்டிக்கடித் தட்டு: அதில் நிற்கும் கொஞ்சம் தண்ணீர் போதும், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட. நான் தட்டையே எடுத்துவிட்டேன்.

இருட்டியதும் மொட்டு விரியும், நாம் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்துக்குத்தான் வாசம் வரும். பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பாட்டி இப்போதெல்லாம் இரவில் ஜன்னலைச் சாத்துவதில்லை. தரையில் விழுந்த பூ சாமிக்கு ஆகாது என்பார்கள், பவளமல்லிக்கு மட்டும் அந்த விதி இல்லை. படுக்கப்போகும் முன் தொட்டியடியில் ஒரு வெள்ளைத் துணி விரித்து வையுங்கள், காலையில் துணியோடு அள்ளிக்கொண்டு பூஜைத் தட்டுக்குப் போகலாம். உங்கள் மாடியில் இந்த மரம் இருந்தால் எத்தனையாவது மாடி, எந்தத் திசை வெயில் என்று கமெண்டில் எழுதுங்கள், உயரமான மாடிகளில் எப்படிப் பூக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு ரொம்ப ஆசை.