பண்டிகைச் சந்தைக் கூட்டத்தில் ஏன் நெஞ்சு படபடக்கிறது?

வணக்கம். பண்டிகை நெருங்கும்போது சந்தைக்கு ஆசையாகத்தான் கிளம்புகிறோம். உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடக்கிறது, கூட வந்தவர் கேட்கும் சாதாரணக் கேள்விக்கே எரிச்சல் வருகிறது, என்ன வாங்க வந்தோம் என்பதே மறந்து எப்படியாவது வெளியே போனால் போதும் என்றாகிவிடுகிறது. "எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்களே, எனக்கு மட்டும் என்ன?" என்று கேட்டுக்கொள்பவர்களுக்குத்தான் இந்த வீடியோ. உங்களிடம் கோளாறு ஒன்றும் இல்லை.

[திரையில்: நடுவில் ஒருவர், அவரைச் சுற்றி 45 செ.மீ. வட்டம்]

எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானிடவியலாளர், மனிதர்கள் தங்களைச் சுற்றி வைத்துக்கொள்ளும் இடைவெளியைப் பற்றி 1966-இல் விரிவாக எழுதினார். அவர் கணக்கில் சுமார் 45 செ.மீ.க்குள் வர மிக நெருங்கியவர்களுக்கு மட்டும்தான் அனுமதி. இந்த அளவு ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறும், ஆனால் அந்த எல்லை எல்லாருக்கும் உண்டு. அதைக் காவல் காப்பதில் மூளையில் இருக்கும் அமிக்டலா என்ற சிறு பகுதிக்குப் பெரிய பங்கு இருக்கிறது; அது இரண்டு பக்கமும் சேதமடைந்த ஒருவர், அந்நியர் மூக்கோடு மூக்காக வந்து நின்றாலும் சங்கடப்படவில்லை என்று 2009-இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. சந்தையில் அந்த எல்லையை யாராவது ஒருவர் தாண்டிக்கொண்டே இருக்கிறார்.

அப்புறம் சத்தம். சுற்றிலும் இரைச்சல் கூடினால் நாம் தானாகவே குரலை உயர்த்துகிறோம், பக்கத்தில் இருப்பவரும் உயர்த்துகிறார், இரைச்சல் இன்னும் கூடுகிறது. இதற்கு லொம்பார்ட் விளைவு என்று பெயர். அதற்குள் ஒரே ஒரு குரலைப் பிரித்துக் கேட்பது மூளைக்கு நிஜமாகவே களைப்பு தரும் வேலை.

ஆனால் நெரிசலான ரயிலைச் சகித்துக்கொள்கிறவர்கூடச் சந்தையில் தடுமாறுகிறாரே, அது ஏன்? ரயிலில் கண்ணை மூடிக்கொள்ளலாம். சந்தைக்கு வந்ததே பார்க்கத்தான். பார்க்க வேண்டும், தேர்ந்தெடுக்க வேண்டும், பர்ஸைப் பிடித்துக்கொள்ள வேண்டும், குழந்தையின் கையை விடக்கூடாது, இத்தனைக்கும் நடுவில் முகத்தில் பண்டிகைச் சிரிப்பும் இருக்க வேண்டும். என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட அந்தக் கடைசி எதிர்பார்ப்புதான் ஆளைச் சோர்த்துப் போடுகிறது.

சரி, என்ன செய்வது? முடிந்தால் கடை திறக்கும் நேரத்திலேயே போய்விடுங்கள். படபடப்பு வந்தால் ஓரமாகப் போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்து நில்லுங்கள், பின்பக்கத்தைப் பற்றிய கவலையாவது குறையும். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள், மூச்சை விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் என்ற நரம்பு இதயத் துடிப்பைக் கொஞ்சம் தணிக்கும். கூட வருபவர்களிடம், "நான் போகலாம் என்று சொன்னால் காரணம் கேட்காமல் கிளம்பிவிடுவோம்" என்று வீட்டிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரை ஒருவர் தவறவிட்டால் எங்கே சந்திப்பது என்பதையும் சேர்த்து. கூட்டத்தில் போன் சிக்னலை நம்ப முடியாது.

[திரையில்: ஒரு சதுர மீட்டர் கட்டம், உள்ளே 5 பேர்]

இதை மட்டும் தனியாகக் கவனியுங்கள். ஒரு சதுர மீட்டருக்கு 5 பேருக்கு மேல் நெருங்கிவிட்டால், உங்கள் இஷ்டத்துக்கு நகர முடியாமல் கூட்டமே உங்களைத் தள்ளிக்கொண்டு போக ஆரம்பித்தால், அது வெறும் மனப் பதற்றம் இல்லை, நிஜமான ஆபத்து. இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் மடக்கி மூச்சுக்கு இடம் வையுங்கள். கீழே விழுந்த பொருளை எடுக்கக் குனியாதீர்கள். எதிர்த்துத் தள்ளாமல், தள்ளு ஓயும் நேரம் பார்த்துக் குறுக்காக ஓரத்தை நோக்கி நகருங்கள்.

கூட்டத்தை நினைத்தாலே வீட்டை விட்டு வெளியே வர முடியாத அளவுக்குப் பயம் இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள், அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

குழந்தைகளை மறந்துவிடாதீர்கள். அவர்கள் உயரத்துக்குச் சந்தை என்பது இடுப்புகளும் பைகளும் மட்டும்தான், அங்கே அழுவது அடம் இல்லை. அதட்டாமல் தூக்கிக்கொண்டு வெளியே வாருங்கள், மிச்சச் சாமான்களை இன்னொரு நாள் வாங்கிக்கொள்ளலாம்.