முறமா, இயந்திரமா? முறத்தின் பக்கம்

நடுவர் அவர்களுக்கும் சபைக்கும் வணக்கம். தானியத்தைச் சுத்தம் செய்யச் சிறந்தது முறமா, இயந்திரமா? நான் முறம். நேரே சண்டைக்கு வருகிறேன்.

எதிரணி அண்ணன் என்ன சொன்னார்? "வேளச்சேரியில் எட்டாவது மாடியில் முறத்தைப் புடைத்தால் உமி கீழ்வீட்டுப் பிரியாணியில் விழும். முறம் இனிமேல் கொலுவில் வைக்கத்தான் லாயக்கு" என்றார். கைதட்டினீர்கள். நானும் தட்டினேன், நகைச்சுவைக்குக் கட்சி கிடையாது.

அண்ணே, எங்கள் வீடும் வேளச்சேரி அடுக்குமாடிதான். மன்னார்குடியிலிருந்து என் மாமியார் வந்தார். பெட்டி ஒன்று, முறம் ஒன்று. வெந்தயமும் காகிதமும் அரைத்து மெழுகிய முறம். ரயிலில் யாரும் மிதித்துவிடக் கூடாதென்று ராத்திரி முழுக்க மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

மறுநாள் பால்கனியில் உளுந்து புடைத்தார். தப்... தப்... சர்ர்! வாட்ச்மேன் ஓடி வருகிறார். "மேடம், உங்க வீட்டுல யாரோ தவில் பழகுறாங்களாம், கீழ்வீட்டுல புகார்!" மாமியார் நிமிரவே இல்லை. "தவில் இல்ல தம்பி, உளுந்து. உன் வீட்டு அரிசியில கல் கிடந்தா கொண்டா" என்றார்.

சாயங்காலம் எங்கள் வாசலில் யார்? புகார் கொடுத்த அதே அம்மா! கையில் என்ன? வண்டு துளைத்த பச்சைப்பயறு! மாமியார் முறத்தை உதறி வாங்க வாங்க, பொக்குப் பயறெல்லாம் நுனி வழியே பறந்தது. கனத்தது அவர் பக்கமே தங்கியது. அப்புறம் முறத்தைப் பக்கவாட்டில் ஆட்டி நாவினார், கல் தனியே ஒதுங்கியது. பிரியாணியில் உமி விழுந்ததா அண்ணே? புகார்தான் விழுந்துபோனது!

அறுவடை இயந்திரம் வேகம்தான், சரி. ஆனால் அதன் வயிற்றுக்குள்ளும் ஒரு காற்றாடிதானே பதரை ஊதித் தள்ளுகிறது? களத்தில் காற்றுக்குக் காத்து நின்று தூற்றியவர்களின் வித்தையல்லவா அது!

சிரித்தது போதும். மாமனார் போனபோது என் கணவருக்கு 5 வயது. களத்தில் தூற்றி ஒதுக்கிய பதரைக் கேட்டு வாங்கி வந்து, மறுபடி புடைத்து, ஒளிந்திருந்த நெல்லைச் சேர்த்துக் கஞ்சி காய்ச்சினார் மாமியார். ஒரு படி தேறுவதற்குள் கை மரத்துப் போகுமாம். இயந்திரம் அன்றே வந்திருந்தால் அந்தப் பதர் வயலோடு போயிருக்கும். பிள்ளைக்குக் கஞ்சி ஏது?

நடுவர் அவர்களே, அந்த அம்மா முன்வரிசையில்தான் இருக்கிறார், பச்சைப் புடவை. இயந்திரம்தான் சிறந்தது என்று தீர்ப்புச் சொல்வதானால், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். வணக்கம்.