500 ரூபா 'டேம் வியூ'! மேட்டூர்ல ஜன்னலைத் திறந்தா...

வணக்கம் மக்களே. குரல் கரகரன்னு இருக்கும், கண்டுக்காதீங்க. காலையிலேயே ஒருத்தர்கிட்ட கத்திட்டு வந்திருக்கேன். மேட்டூர்ல இருக்கேன். அணை 120 அடி தொட்டுருச்சு, 16 கண் மதகு திறந்தாச்சுன்னு செய்தி வந்தா நான் வீட்ல உட்காருவேனா? ஈரோட்டுலருந்து ஸ்கூட்டியை எடுத்துட்டேன்.

சாதா ரூம் 1,200, 'டேம் வியூ' 1,700ன்னாங்க. நான் எப்பேர்ப்பட்ட கஞ்சம்னு உங்களுக்கே தெரியும், ஏற்காடு வீடியோவுல ஒரு பக்கெட் சுடுதண்ணிக்கு மல்லுக்கட்டினவ. அப்படியும் கொடுத்தேன். ராத்திரி இருட்டுல ஒண்ணும் தெரியல. காலையில நம்ம ஃபிளாஸ்க் டீயை ஊத்திக்கிட்டு ஆசை ஆசையா திரையை விலக்குறேன்... கறுப்பா, குண்டா, ஒரு தண்ணித் தொட்டி! அதுமேல ஒரு காக்கா. தொட்டிக்கும் சுவருக்கும் நடுவுல, இதோ பாருங்க, ரெண்டு விரல் அகலத்துக்கு ஒரு வெளுத்த கோடு. அதுதான் அணையாம். அதுவும் கட்டில் மேல ஏறி நின்னாத்தான்.

கீழ போய் கேட்டா, "தெரியுதுங்களே அக்கா"ங்கறார் ஆளு. பக்கத்துல தொடப்பத்தோட நின்ன பையன்தான் போட்டு உடைச்சான்: "மொட்டை மாடிக்குப் போங்கக்கா, முழுசாத் தெரியும். யாரு வேணா போலாம்." அப்போ அந்த 500 எதுக்குங்க? அரை மணி நேரம் நின்ன இடத்துலேயே நின்னு 300 திரும்ப வாங்கிட்டேன். மிச்சம் 200 அந்தக் காக்காவுக்குன்னு வெச்சுக்கறேன்.

மாடியில நின்னு பார்த்தா, கோபமெல்லாம் போயிருச்சு, அதைச் சொல்லியாகணும். 1934ல கட்டி முடிச்ச அணை, ரொம்பினா 93.47 டிஎம்சி. கண்ணுக்கு எட்டின வரைக்கும் தண்ணி.

அய்யோ, முக்கியமானதை விட்டுட்டேன்! நேத்து சாயங்காலம் அணைத் தண்ணிக் கரையில இருக்கற பண்ணவாடி போனேன், ரூமுக்கு ராத்திரி வந்ததே அதனாலதான். கோடை வீடியோவுல வெடிச்ச மண்ணுல நந்தி பக்கத்துல நின்னு பேசினேனே, அணை கட்டினப்போ முழுகின ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி? ஆளையே காணோம். நாகமரைக்குப் போற படகுல ஏறி, "நந்தி எங்க இருக்குது தாத்தா?"ன்னு கேட்டா, படகுக்காரர் வெத்தலையை மென்னுக்கிட்டே கீழ காட்டறார். உங்க காலுக்கடியிலதான் சாமிங்கறார். எனக்குச் சிலிர்த்துப் போச்சு. அப்போ பார்த்து கேமரா சார்ஜ் காலி. திட்டாதீங்க.

பூங்கா இந்தத் தடவை இல்ல, கூட்டம் எனக்கு ஆகாது. மதகுப் பக்கம் தண்ணி இரைஞ்சு போகுது, அந்தக் கரையில இறங்கி செல்ஃபி எடுக்கறவங்களைப் பார்த்தா பளார்னு ஒண்ணு விடலாம்னு வருது.

சரி, அந்த 300. நேரா மீன் கடை. கட்லாவை நான் தொடமாட்டேன், தெரியுமில்ல? அரஞ்சான். எடை போட்டு, மசாலா தடவி, நம்ம முன்னாடியே எண்ணெயில போட்டாங்க. முள்ளோட மொறுமொறுன்னு... இருங்க, கேமராவை இந்தப் பக்கம் திருப்பறேன், சூடு ஆறிடும்.