ஆட்டக்களத்தில் விசுவாசம்: சாட்சியே!

நடுவர் அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், இந்த நேரத்திலும் நாற்காலியை விட்டு எழாமல் இருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

"கால்பந்து வீரர்கள் களத்தில் தங்கள் கிறிஸ்தவ விசுவாசத்தை வெளிக்காட்டுவது சாட்சியா, காட்சியா?" இதுதான் இன்றைய கேள்வி. காட்சிதான் என்று பேசிவிட்டு அமர்ந்திருக்கிறார் எதிரணித் தலைவர். ஜெபம் அறைக்குள் செய்ய வேண்டியது, எண்பதாயிரம் பேர் முன்னால் செய்தால் அது விளம்பரம் என்றார். ஜெயித்தவன் மட்டும்தானே வானத்தைக் காட்டுகிறான், தோற்றவனுக்குக் கடவுள் இல்லையா என்று கேட்டார். விளையாட்டு எல்லோருக்கும் பொது, அங்கே மதத்துக்கு இடமில்லை என்று விதியே சொல்கிறது என்றார். நல்ல கைதட்டல் கிடைத்தது, நானும்தான் தட்டினேன். ஆனால் அவ்வளவு நேரம் பேசியவர் ஒரே ஒரு ஆட்டக்காரனின் வாழ்க்கையைக்கூடச் சொல்லவில்லை. சைகையைப் பார்த்தவர் ஆளைப் பார்க்கவில்லை. நான் ஆளிலிருந்து தொடங்குகிறேன்.

பிரேசிலின் காகா. 2000-ம் ஆண்டு, 18 வயதில், நீச்சல் குளத்தில் சறுக்கி விழுந்து கழுத்துப் பக்கத்து எலும்பு முறிந்தது. எழுந்து நடப்பதே பெரிய விஷயம் என்கிற நிலை. அந்தப் பையன் சில மாதங்களில் மறுபடி பந்தைத் தொட்டான். 2002-ல் யோகோஹாமாவில் ஜெர்மனியை 2-0 என்று வென்று உலகக் கோப்பையைத் தூக்கிய பிரேசில் அணியில் அவனும் இருந்தான். அன்று அந்த அணி வட்டமாக மண்டியிட்டு ஜெபித்ததை உலகமே பார்த்தது. 2007 மே மாதம் ஏதென்ஸில் ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி. காகா ஆடிய இத்தாலியக் கிளப் ஏசி மிலான், இங்கிலாந்தின் லிவர்பூலை 2-1 என்று வென்றது. விசில் ஊதியதும் காகா மேல்சட்டையைக் கழற்றிவிட்டு, மண்டியிட்டு, இரண்டு கைகளையும் மேலே விரித்தார். உள்ளே போட்டிருந்த வெள்ளைப் பனியனில் "நான் இயேசுவுக்குச் சொந்தம்" என்று எழுதியிருந்தது. அன்றைய இரண்டு கோலையும் அடித்தவர் அவர்கூட இல்லை, கூட ஆடிய இன்ஸாகி. அந்த ஆண்டே உலகின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து விருதை வாங்கப்போகிற ஒரு 25 வயது இளைஞன், ஊரே தன் பெயரைச் சொல்லிக் கத்துகிற நேரத்தில், நான் என்னுடையவன் இல்லை, இன்னொருவருக்குச் சொந்தம் என்று நெஞ்சில் எழுதிக்கொண்டு மண்டியிடுகிறான். விளம்பரம் செய்கிறவன் தன்னைப் பெரிதாக்கிக் காட்டுவான். இவன் தன்னைக் கீழே இறக்கிக்கொண்டான்.

சரி, ஜெயித்ததால்தானே என்று கேட்பீர்கள். அதற்கு இரண்டு வருடம் முன்னால், 2005 மே, இஸ்தான்புல். அதே மிலான், அதே லிவர்பூல். நம் ஊரில் அப்போது நள்ளிரவு தாண்டிவிட்டது. வீட்டில் எல்லோரும் தூங்க, சத்தத்தை அடியோடு குறைத்துவைத்து நான் பார்த்த ஆட்டம் அது. இடைவேளையில் மிலான் 3-0 முன்னிலை. திரும்பி வந்து ஆறே நிமிடத்தில் மூன்று கோலையும் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். கடைசியில் பெனால்டியில் தோற்றார்கள். காகா அடித்த பெனால்டி உள்ளே போனது, இருந்தும் கோப்பை போனது. ஓர் ஆட்டக்காரனின் நெஞ்சை உடைப்பதற்கு இதைவிடக் கொடுமையான தோல்வி இருக்குமா? அந்தத் தோல்வியோடும் அவர் தன் விசுவாசத்தைக் களைந்து போடவில்லை. ஏதென்ஸில் மண்டியிட்டவர் இஸ்தான்புல்லில் தோற்ற அதே ஆள்தான். கடவுள் எங்கள் அணியில் ஆடினார் என்று நினைத்திருந்தால் 2005-லேயே அந்தப் பனியன் குப்பைக்குப் போயிருக்கும்.

எதிரணிச் சகோதரி ஒருவர் அடுத்து பேச வருகிறார். காகாவின் சபையைப் பற்றிச் சொல்வார் என்று எனக்குத் தெரியும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். அவர் காணிக்கை கொடுத்துவந்த சபையின் நிறுவனர்கள் 2007-ல் அமெரிக்காவில் கணக்குக் காட்டாத பணத்தோடு பிடிபட்டுத் தண்டனை அனுபவித்தார்கள். 2010-ல் காகா அந்தச் சபையை விட்டு விலகினார். வெட்கப்பட வேண்டிய கதைதான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பனியனில் சபையின் பெயர் எழுதியிருக்கவில்லை என்பதையும் சகோதரி கவனிக்க வேண்டும்.

இப்போது அறைக்குள் ஜெபிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். கதவைப் பூட்டிக்கொண்டு அந்தரங்கத்தில் ஜெபம் பண்ணு என்று இயேசு மலைப்பிரசங்கத்தில் சொன்னது உண்மை. எதிரணித் தலைவர் அங்கிருந்து கொஞ்சம் மேலே போய் வாசித்திருக்கலாம். விளக்கைக் கொளுத்தி மரக்காலுக்குள் மூடிவைக்காதீர்கள், தண்டின்மேல் வையுங்கள் என்று அதே பிரசங்கத்தில்தான் வருகிறது. தெருமுனையில் நீளமாக ஜெபித்து, பக்திமான் என்று பெயர் வாங்கப் பார்த்தவர்களைத்தான் அவர் கண்டித்தார். ஒரு ஆட்டக்காரன் எல்லைக் கோட்டைத் தாண்டும்போது குனிந்து, புல்லைத் தொட்டு, நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு ஓடுகிறான். இரண்டு நொடி. இதில் எங்கே நீண்ட ஜெபம்?

அந்த இரண்டு நொடி எனக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு நொடி. குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், தூத்தூர் பக்கத்து ஊர்களில், பையன்கள் நடக்கப் பழகும்போதே பந்து உதைக்கப் பழகுகிறார்கள். என் பெரியம்மா மகன் அங்கே செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து, ஆடியவன். மைதானத்துக்குள் கால் வைக்கும்முன் மண்ணைத் தொட்டுச் சிலுவை போடுவான். எங்கே கற்றுக்கொண்டாய் என்று ஒருநாள் கேட்டேன். அவனுக்குக் கேள்வியே விளங்கவில்லை. விடியுமுன் வள்ளத்தைத் தள்ளும்போது அவன் அப்பா தண்ணீரைத் தொட்டு அப்படித்தான் செய்வார். போன வேலை தன் கையில் மட்டும் இல்லை என்று தெரிந்த எவரும் செய்வது அது. கரையில் யார் நின்று பார்க்கிறார்கள் என்று பெரியப்பா ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

அடுத்தது விதி. கால்பந்து விதிப் புத்தகத்தின் நான்காவது விதி, ஆட்டக்காரர் அணியும் பொருளில் அரசியல், மத, தனிப்பட்ட வாசகங்கள் இருக்கக் கூடாது என்கிறது. உடையைப் பற்றித்தான் பேசுகிறது, நன்றாகக் கேளுங்கள். மண்டியிடக் கூடாது, வானத்தைக் காட்டக் கூடாது, சிலுவை போடக் கூடாது என்று அதில் ஒரு வரியும் இல்லை. 2009-ல் ஜோகன்னஸ்பர்க்கில் கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை இறுதியில், 0-2 என்று பின்தங்கி 3-2 என்று அமெரிக்காவை வென்ற பிரேசில் அணி களத்தில் கூடி ஜெபித்தது. டென்மார்க் கால்பந்துச் சங்கத்திலிருந்து எதிர்ப்பு கிளம்பி, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா பிரேசிலுக்கு ஒரு நினைவூட்டல் அனுப்பியதோடு முடிந்தது.

விதி உண்மையிலேயே உரசிய இடம் ஒன்று உண்டு. அதை எதிரணி தொடவே இல்லை, நான் தொடுகிறேன். 2024 நவம்பர், டிசம்பரில் இங்கிலாந்து பிரீமியர் லீக் அணித் தலைவர்கள் ஓரினச் சேர்க்கையாளருக்கு ஆதரவாக வானவில் நிறக் கைப்பட்டை கட்டினார்கள். அப்போதைய கிரிஸ்டல் பேலஸ் அணித் தலைவர் மார்க் கேஹி, ஐவரி கோஸ்ட்டில் பிறந்தவர், போதகரின் மகன். நியூகாசிலுக்கு எதிரான ஆட்டத்தில் அவரும் பட்டையைக் கட்டினார். அதன்மேல் பேனாவால் "நான் இயேசுவை நேசிக்கிறேன்" என்று எழுதியிருந்தார். இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் விதியை நினைவூட்டியது. மூன்று நாள் கழித்து இப்ஸ்விச்சில் அடுத்த ஆட்டம். அன்று "இயேசு உங்களை நேசிக்கிறார்" என்று எழுதி வந்தார். அதே ஆட்டத்தில் இப்ஸ்விச் அணித் தலைவர் சாம் மோர்சி, இஸ்லாமியர், என் நம்பிக்கை இடம் தரவில்லை என்று பட்டையைக் கட்டவே இல்லை.

அந்தப் பட்டை சிலருக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். அதன்மேல் எழுதியதைப் பார்த்து மனம் வருந்தியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கேஹி பட்டையைத் தூக்கி எறியவில்லை. கட்டிக்கொண்டு, தன்னிடம் இருந்ததிலேயே மிகப் பெரிய அன்பு என்று அவர் நம்புவதை அதில் எழுதினார். யாரையும் பழிக்கும் ஒரு சொல் அதில் உண்டா? விதிப்படி தவறு என்றால் தவறுதான், கண்டிக்கட்டும். நம் கேள்வி விதி மீறலா என்பதில்லையே, சாட்சியா காட்சியா என்பதுதானே! தண்டனை வரலாம் என்று தெரிந்தும் இரண்டாம் முறை எழுதிக்கொண்டு வந்தவனை நடிகன் என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. கையில் பேனாவால் எழுதிய மூன்று சொல்லுக்குக் கடிதம் போனது. அதே கேஹி அன்று அணிந்திருந்த சட்டையின் நெஞ்சில் ஒரு சூதாட்ட நிறுவனத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அதற்கு எந்த விதியும் குறுக்கே வரவில்லை. சட்டையின் முன்பக்கத்திலிருந்து சூதாட்டப் பெயர்களை எடுத்துவிடுகிறோம் என்று அந்த லீக்கின் கிளப்புகள் 2023-ல் ஒப்புக்கொண்டார்கள், அதுவும் 2025-26 பருவம் முடிந்த பிறகுதான். பொதுவான இடத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் எதிரணி நண்பர்கள் அந்த நெஞ்சையும் கொஞ்சம் பார்க்கலாம்.

ஒரு இடத்தில் நான் எதிரணியோடு ஒத்துப்போகிறேன். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் செல்டிக் கத்தோலிக்கர்களின் அணி, ரேஞ்சர்ஸ் புராட்டஸ்டண்டுகளின் அணி. அங்கே இது வெறும் கால்பந்து கிடையாது, நூறு வருடக் காயம். 2006-ல் ரேஞ்சர்ஸ் மைதானத்தில் செல்டிக் கோல்கீப்பர் ஆர்டர் போருட்ஸ் சிலுவை போட்டதோடு, எதிரணி ரசிகர்களைப் பார்த்து வேறு சைகைகளும் காட்டினார் என்று புகார் போய், அரசு வழக்குத் துறை அவரை எச்சரித்தது. சிலுவை அடையாளத்துக்காக மட்டும் இல்லை என்று பிறகு விளக்கமும் வந்தது. அடுத்தவனைச் சீண்டுவதற்கு ஒருவன் சிலுவை போட்டால் அவனுக்காக வாதாட நான் வரவில்லை. பழைய காயத்தில் குத்துகிற சிலுவை எனக்கு வேண்டாம். ஆனால் ஒரு போருட்ஸைக் காட்டி எல்லாரையும் வாயை மூடச் சொல்வது என்ன நியாயம்? கோல் அடித்துவிட்டு நெற்றி தரையில் படச் சிரம் தாழ்த்தும் எகிப்தின் இஸ்லாமிய வீரர் சலாவைப் பார்த்து எனக்கு ஒருநாளும் உறுத்தியதில்லை. அவர் தன் நன்றியைச் சொல்கிறார், இவர்கள் தங்கள் நன்றியைச் சொல்கிறார்கள்.

நேரம் ஆகிறது, மணியில் கை வைத்துவிட்டார் நடுவர். கடைசியாக ஒரே ஒரு ஆட்டம்.

அலிசன் பெக்கர், லிவர்பூலின் பிரேசில் கோல்கீப்பர். 2021 பிப்ரவரியில் அவருடைய அப்பா பிரேசிலில் நீரில் மூழ்கி இறந்துபோனார். கொரோனாக் கட்டுப்பாடுகள், கர்ப்பிணி மனைவி. அப்பாவை அடக்கம் செய்யக்கூட அவரால் போக முடியவில்லை. நம்மில் எத்தனை பேர் அந்த வருடம் அப்படி இருந்தோம் என்று சொல்லத் தேவையில்லை.

மே 16. வெஸ்ட் பிராம் மைதானம். 1-1. 95-வது நிமிடம், கார்னர். ஜெயிக்காவிட்டால் அடுத்த வருட சாம்பியன்ஸ் லீக் கனவு கை நழுவுகிற நிலை. கோல்கீப்பர் தன் வலையைக் காலியாக விட்டுவிட்டு அந்தக் கோடிக்கு ஓடி வருகிறார். பந்து வருகிறது, தலையால் முட்டுகிறார், உள்ளே! 1892-ல் தொடங்கிய அந்தக் கிளப்பின் வரலாற்றில் போட்டி ஆட்டத்தில் கோல் அடித்த முதல் கோல்கீப்பர். கூட ஆடுகிறவர்கள் எல்லாரும் மேலே விழுந்து அமுக்குகிறார்கள். அவர் எழுந்து விரலை வானத்துக்கு உயர்த்துகிறார், முகம் கலங்கியிருக்கிறது. ஆட்டம் முடிந்து பேட்டிக்கு நிற்கும்போது பேச்சு வரவில்லை. அப்பா இதைப் பார்த்திருக்க வேண்டும், கடவுளோடு இருந்து பார்த்துச் சந்தோஷப்படுகிறார் என்று நம்புகிறேன் என்ற பொருளில் தட்டுத்தடுமாறிச் சொல்கிறார்.

நடுவர் அவர்களே, அன்று அந்த மைதானத்தில் ரசிகர்கள் இல்லை. இங்கிலாந்தில் லீக் ஆட்டங்களுக்கு மறுபடியும் கூட்டத்தை உள்ளே விட அனுமதித்தது அதற்கு மறுநாளிலிருந்துதான். கேமரா இருந்ததே என்று எதிரணி சொல்லும், இருந்ததுதான். தீர்ப்பு எழுதும்முன் அந்தப் பதிவை ஒருமுறை போட்டுப் பாருங்கள். அந்த விரல் கேமரா பக்கம் போகிறதா என்று மட்டும் பாருங்கள். அதற்குப் பின்னால் வரிசை வரிசையாக இருக்கைகள் தெரியும், ஒன்றிலும் ஆள் இருக்க மாட்டார்கள்.

வணக்கம்.