திறந்த வலையில் ஒரு செயலி

நேயர்களுக்கு வணக்கம். உங்கள் கைபேசியில் இருக்கும் செயலிகளில் சில, உள்ளுக்குள் வலைப்பக்கங்கள்தான். ஆப் ஸ்டோரில் இருந்துதான் இறக்கியிருப்பீர்கள், ஐகானும் இருக்கும். ஆனால் ஓடுவது வலைப்பக்கங்களை எழுதும் மொழிகளான எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட். இவற்றை ஓட்டும் வெப்வியூ என்பது முகவரிப் பட்டை இல்லாத பிரவுசர் மாதிரி. அது பக்கத்தைத் திரை முழுக்கக் காட்டுகிறது. கேமரா வேண்டுமென்றால் ஜாவாஸ்கிரிப்ட் கேட்கும், பிளகின் என்ற சிறு நேட்டிவ் நிரல், அதாவது அந்தக் கைபேசிக்கென்றே எழுதப்பட்ட நிரல், படம் எடுத்துக் கொடுக்கும்.

இந்த வழியைப் பிரபலமாக்கியது 2008-இல் வந்த ஃபோன்கேப் என்ற கருவி. அதை உருவாக்கிய நிடோபி நிறுவனத்தை 2011-இல் அடோபி வாங்கியது. அதன் மூலநிரல், திறந்த மென்பொருள்களைப் பராமரிக்கும் அப்பாச்சி அறக்கட்டளைக்குப் போய், கார்டோவா என்ற பெயரில் வளர்ந்தது. 2020-இல் ஃபோன்கேப்பை அடோபி நிறுத்திவிட்டது. சரி, அதில் எழுதியவர்கள் கதி? பலர் கார்டோவாவிலேயே தொடரலாம், அல்லது கெப்பாசிட்டர் என்ற இதே மாதிரிக் கருவிக்கு மாறலாம். பிளகின்களைச் சரிபார்க்க வேண்டியிருக்கும். திரைகளும் கணக்கீடுகளும் பெரும்பாலும் அப்படியே வரும், ஏனென்றால் அவை எழுதப்பட்ட தரநிலை எந்த ஒரு நிறுவனத்தின் சொத்தும் இல்லை. நான் இந்த வழியைப் பரிந்துரைப்பதற்கு முதல் காரணம் இதுதான். ஒரே நிரல் ஐஃபோனிலும் ஆண்ட்ராய்டிலும் ஓடும் என்பதெல்லாம் அப்புறம்.

'வெப் செயலி மெதுவாக இருக்குமே' என்பார்கள். அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு. முன்பெல்லாம் கைபேசி பிரவுசர், நீங்கள் ஒரு பொத்தானைத் தொட்டதும் சுமார் 300 மில்லிவிநாடி காத்திருக்கும். இரண்டாவது தட்டு வந்தால் பக்கத்தைப் பெரிதாக்க வேண்டுமே, அதற்காக. அந்தச் சின்னத் தாமதம் விரலுக்கு நன்றாகவே தெரியும். பக்கத்தின் அகலம் கருவியின் அகலமே என்று வியூபோர்ட் என்ற எச்டிஎம்எல் குறிப்பில் ஒரு வரி எழுதினால், இன்றைய பிரவுசர்கள் காத்திருப்பதில்லை.

இன்னொன்று அசைவு. விநாடிக்கு 60 முறை வரையும் திரையில், ஒவ்வொரு முறைக்கும் கிடைப்பது ஏறக்குறைய 16 மில்லிவிநாடி. ஒரு பெட்டியை நகர்த்த அதன் 'லெஃப்ட்' மதிப்பை, அதாவது இடப்பக்கத்திலிருந்து அதன் தூரத்தை, மாற்றிக்கொண்டே போனால், பிரவுசர் ஒவ்வொரு முறையும் பக்க அமைப்பைக் கணக்கிட நேரலாம். 'டிரான்ஸ்ஃபார்ம்' என்ற சிஎஸ்எஸ் பண்பைக் கொண்டு நகர்த்தினால் அந்த வேலை பெரும்பாலும் கிராஃபிக்ஸ் சிப்புக்குப் போய்விடும். இவற்றைக் கவனிக்காமல் எழுதிவிட்டு வெப்பைக் குறை சொல்வது நியாயமில்லை.

கனமான முப்பரிமாண விளையாட்டோ வீடியோ எடிட்டரோ செய்வதென்றால் தயங்காமல் நேட்டிவுக்குப் போங்கள். படிவம், பட்டியல், செய்தி, பாடம் என்றால் வெப் தாராளமாகப் போதும்.

தொடங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். கையில் கிடைக்கும் மிகப் பழைய ஆண்ட்ராய்டு போனில் முதல் நாளிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். தொலைபேசி எண் கேட்கும் கட்டத்துக்கு 'டெல்' என்று வகை குறித்தால் எண் விசைப்பலகை தானாக வரும். பொத்தான்களை உண்மையான பொத்தான்களாகவே எழுதிப் பெயரும் கொடுத்தால், பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அவற்றைச் சரியாகப் படித்துக் காட்டும். இதற்குத் தனி லைப்ரரி எதுவும் தேவையில்லை, எச்டிஎம்எல்லிலேயே இருக்கிறது.

நன்றி, வணக்கம்.